மூன்றாம் வரியில் இருந்த பெயர்

எங்கள் வெல்யாகினோவில் செராஃபிமா யெகோரவ்னா என்று முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். சீமா அத்தை என்று கேட்டுப் பாருங்கள், பால்குடி மறக்காத குழந்தைகூட அவள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டும். முப்பத்து நான்கு வருஷம் இந்த ஊரில் தபால் பை சுமந்தவள். அத்தனை வருஷத்தில் ஒரு கடிதம் தொலைந்ததில்லை, ஒரு தந்தி தாமதமானதில்லை, ஒரு நாய் அவளைக் கடித்ததில்லை. கடித்த ஒரே ஒரு நாயை அவள் சேர்த்துக்கொள்வதில்லை. அது வெளியூர் நாயாம்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு இன்னொரு வேலை வாய்த்தது. தேர்தல் வரும்போதெல்லாம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது. கட்சி பலம் இல்லாமல் தனியாக ஜனாதிபதி பதவிக்கு நிற்க ஆசைப்படுகிறவர், நாடு முழுக்க மூன்று லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்கிக் காட்டியாக வேண்டும். ஒரு தாளுக்கு ஐந்து வரி, வரிக்கு ஓர் ஆள். பெயர், பிறந்த நாள், விலாசம், எங்கள் நாட்டில் அடையாள அட்டையாக இருக்கிற பாஸ்போர்ட்டின் எண் எல்லாவற்றையும் அத்தை எழுதிக்கொள்ளலாம். தேதியையும் கையெழுத்தையும் மட்டும் அந்த ஆளே தன் கையால் போட வேண்டும். ஓர் அடித்தல், ஒரு திருத்தல், ஓர் எழுத்தின் மேல் இன்னோர் எழுத்து வந்தாலும் போச்சு, அந்த வரி செல்லாது. கடைசியில் தாளின் அடியில் சேகரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அது விழாதவரை அந்தத் தாள் வெறும் காகிதம்.

இந்த வேலை வருவது ஜனவரியில். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. பேனா மை உறைந்துபோய்ப் பாதிக் கையெழுத்தில் நின்றுவிடும். மனுஷன் என்ன செய்வான்? பேனாவை உதறிவிட்டு அதே இடத்தில் மறுபடி அழுத்தி எழுதுவான். அவ்வளவுதான், வரி செத்தது. மற்றவர்கள் வாங்கிய தாள்களில் பத்துக்கு இரண்டு இப்படித்தான் போகும். சீமா அத்தை மூன்று பேனாக்களை உள்சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்பாள். வாசலில் நின்று வாங்கவே மாட்டாள். உள்ளே போய், சமையலறை மேஜையைத் துணியால் துடைத்து, தேநீர் குடித்துக் கை சூடான பிறகுதான் தாளை எடுப்பாள். அவள் வாங்கிய கையெழுத்தில் ஒன்றுகூட இதுவரை தள்ளுபடி ஆனதில்லை. இதை அவளே சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். சொல்லட்டுமே, இருக்கிற பெருமையைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்!

முன்பெல்லாம் யாருக்கு வாங்குகிறோம் என்று அவள் பெரிதாகப் பார்த்ததில்லை. அந்த வருஷம் மட்டும் மனசார வாங்கினாள். க்ரோனித் ஸசேகின் நிற்கிறார் என்றதும் ஊரே இரண்டாகப் பிளந்திருந்தது. தொலைக்காட்சியில் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுவார். “சின்ன ஊர்களின் தபால் நிலையத்தை மூடினீர்கள், பள்ளிக்கூடத்தை மூடினீர்கள், எங்கள் ஜனங்களை மறந்துவிட்டீர்கள்” என்று அவர் கத்தியபோது சீமா அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தபால் நிலையம் அப்போதுதான் வாரம் மூன்று நாள் என்று சுருங்கியிருந்தது. அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொல்வார். தெற்கிலிருந்து வந்தவர்கள் தெற்குக்கே திரும்பட்டும், பாஸ்போர்ட் வாங்கியிருந்தாலும் சரி, இது எங்கள் வீடு என்பார். மருந்துக்கடை லூசியா அதைக் கேட்டுத் தூவென்று துப்பினாள். அத்தையின் சிநேகிதி க்லாஃபிரா கைதட்டினாள். அத்தை அந்த இடம் வரும்போது தேநீர் வைக்க எழுந்து போய்விடுவாள். அது எங்கேயோ பெரிய நகரத்தில் இருப்பவர்களைப் பற்றிய பேச்சு என்று அவளுக்கு நினைப்பு.

நெசவாலைத் தெருவின் ஐந்து மாடிக் கட்டடங்கள் அவள் பங்குக்கு வந்தன. தபால்காரிக்கு ஒரு விதி உண்டு. எந்தக் கதவையும் தட்டாமல் தாண்டிப் போகக் கூடாது. அந்த விதிப்படி அவள் மூன்றாம் எண் கட்டடத்தில், முதலில் க்லாஃபிராவிடமும் அவள் கணவனிடமும் வாங்கிவிட்டு, எதிர்க் கதவைத் தட்டினாள். அது ஒலிம்ஜோன் சத்தோரவின் வீடு.

ஒலிம்ஜோன் தெற்கிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து பதினோரு வருஷம். வளாகத்தில் பனி அள்ளுவான், கொதிகலன் நின்றுபோனால் அவன் தொட்டால்தான் ஓடும். இரண்டு வருஷம் முன்பு குடியுரிமை கிடைத்தபோது கட்டடம் முழுக்கப் புலாவ் கொடுத்தவன். பாஸ்போர்ட்டை மெழுகுத்துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தான். அத்தையைப் பார்த்ததும் பச்சைத் தேநீரும் ரொட்டியும் வைத்தான். பிறகு ஸசேகினின் துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் படித்தான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அத்தை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அத்தை, இந்த நாலாவது பத்தியில இருக்கறது நானா?”

“சேச்சே, உன்னை யாருடா சொன்னா? அது மாஸ்கோவுல, அந்த மாதிரி பெரிய ஊர்ல இருக்கறவங்களைப் பத்தி.”

“மாஸ்கோவுல என் தம்பி இருக்கான்.”

அத்தை காது வரைக்கும் சிவந்துபோனாள். “வேண்டாம்னா விட்டுடு ஒலிம். கதவைத் தாண்டிப் போகக் கூடாதேன்னுதான் தட்டினேன். உன்னைக் கேட்டிருக்கவே கூடாது, புத்தி கெட்டவ நான்.”

“கேக்காம போயிருந்தாதான் தப்பு,” என்றான் அவன். மெழுகுத்துணியைப் பிரித்துப் பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தான். “பேனாவைக் குடுங்க.”

“ஏன்டா? எதுக்குப் போடற?”

“அப்புறம் சொல்றேன். மை உறைஞ்சிடப் போகுது.”

நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, தேதியின் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக எழுதி, கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டான். தாளின் மூன்றாம் வரி. அத்தை அத்தனை வருஷத்தில் வாங்கிய கையெழுத்துகளில் அதுபோல் சுத்தமாக ஒன்று விழுந்ததில்லை. மேல்மாடியில் தமாராவும் கிழவர் பான்க்ராத்தும் மிச்ச இரண்டு வரிகளை நிரப்பினார்கள். மூன்று வாரத்தில் நாற்பத்திரண்டு தாள், இருநூற்றுப் பத்துப் பேர்.

தாள்களை வாங்கிச் சரிபார்க்க மாகாணத் தலைநகரிலிருந்து ஸசேகினின் ஆளாக ஒரு பையன் வந்து உட்கார்ந்திருந்தான். இன்னகென்தி என்று பெயர், கேஷா என்று கூப்பிட்டார்கள். தாடியைக் கத்தரித்த விதத்தைப் பார்த்தால் கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரமாவது நின்றிருப்பான். மரச்சாமான் கடையின் பின்னறையில் அவன் அலுவலகம். அத்தை உள்ளே போனபோது நீள மேஜையைச் சுற்றி எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கை எழுதியதாகத் தெரியக் கூடாதென்று ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டுத் தாளைப் பக்கத்தில் தள்ளினார்கள், தாள் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏதோ பழைய பட்டியலைப் பார்த்து ஊர்க்காரர்களின் பெயரில் அவர்களே கையெழுத்தும் போட்டார்கள். அத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு வரியில் வசீலி குஸ்மிச் இருந்தார். வசீலி குஸ்மிச்சின் கல்லறைக்கு அவள் போன இலையுதிர்காலத்தில்தான் பூ வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“செத்தவரு எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாரா?” என்று கேட்டாள்.

“அதையெல்லாம் நீங்க பார்க்காதீங்க, அத்தை,” என்றான் கேஷா. அவளுடைய தாள்களைப் புரட்டினான். முகம் மலர்ந்தது. “தங்கம்! தங்கமான வேலை! இந்த மாதிரி பத்துப் பேர் இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்.” பிறகு ஒரு தாளில் அவன் விரல் நின்றது. “சத்தோரவ்? ஒலிம்ஜோன் சத்தோரவா? இது என்ன கூத்து?”

“கூத்து என்ன இருக்கு? மூணாம் நம்பர் கட்டடம். குடிமகன். பாஸ்போர்ட் நம்பர் சரியா இருக்கு, பார்த்துக்க.”

“பத்திரிகைக்காரன் ஒருத்தன் கண்ணுல இது பட்டா நாறடிச்சிடுவான். ஸசேகினுக்கு ஒரு சத்தோரவ் கையெழுத்துப் போட்டான்னு தலைப்பு வைப்பான். நம்ம ஆளுங்களே நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். வரி சரியா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு.”

“சரி தப்புன்னு நான் பேசல. இந்தத் தாளை மட்டும் புதுசா எழுதிடுங்க. மத்த நாலு பேர் கையெழுத்தை இவங்க அப்படியே போட்டுடுவாங்க, மூணாவதா வேற யாரையாவது சேர்த்துக்கலாம். அடியில நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்படியே இந்தக் கட்டுலயும் போட்டுடுங்க.” செத்தவர்கள் நிறைந்த கட்டை அவள் பக்கம் தள்ளினான். “உங்க பேர் இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான்.”

அத்தைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தவில்லை. கோபம் எல்லை மீறினால் அவளுக்குக் குரல் இறங்கிவிடும். “தம்பி, என் பேர் எப்படி வந்துதுன்னு உனக்குத் தெரியுமா? இதே மாதிரி ஆளுங்க சொன்னதைக் கேக்காததால வந்துது.” தன் நாற்பத்திரண்டு தாள்களையும் அள்ளிப் பைக்குள் போட்டாள். ஒரு தாளிலும் இன்னும் அவள் கையெழுத்து விழவில்லை.

“நாளன்னைக்குக் கடைசி நாள்!” என்று கேஷா பின்னாலேயே ஓடி வந்தான். “அத்தை, நாடே காத்துக்கிட்டு இருக்கு!”

“நாடு காத்திருக்கட்டும். செத்தவங்களும் காத்துக்கிட்டுத்தானே இருக்காங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்றிரவு அவளுக்குச் சோறு தண்ணி செல்லவில்லை. நம்பின மனுஷனின் ஆட்கள் இவ்வளவுதானா என்று நெஞ்சு எரிந்தது. தாள்களைக் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினாள். ஆனால் கையெழுத்துப் போட்டவர்களிடம் சொல்லாமல் விடலாமா? மறுநாள் காலையில் மறுபடி அதே கதவுகள். சில பேர் தோளைக் குலுக்கிக்கொண்டார்கள். பான்க்ராத் கிழவர் போனால் போகுது, உட்கார்ந்து தேநீர் குடி என்றார். க்லாஃபிராதான் பொங்கிவிட்டாள்.

“ஒரு பனி அள்ளுறவனுக்காக எங்க எல்லாரோட கையெழுத்தையும் சாக்கடையில போடறியா? நாற்பது வருஷ சிநேகிதம் உனக்குக் கால் தூசியா?”

“உன் பேரை இன்னொருத்தி எழுதட்டும்கிறான் க்லாஃபிரா. உன் கையெழுத்தைக் கண்டவளும் போடலாமா?”

“போட்டா போட்டுட்டுப் போறா! என் கையெழுத்து என்ன வைரமா?” என்று கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்ட சத்தம் ஐந்து மாடிக்கும் கேட்டது.

கடைசியாக எதிர்க் கதவு. நல்ல சேதி சொல்வது போலத்தான் ஆரம்பித்தாள். “ஒலிம், நீ கவலைப்படாத. அந்தத் தாளை நான் குடுக்கல. உன் பேரை எவனும் தொட முடியாது. பையிலயே பத்திரமா இருக்கு.”

ஒலிம்ஜோன் பனி படிந்த கையுறைகளைக் கழற்றிக் அறையைச் சூடாக்கும் குழாயின் மேல் வைத்தான். பிறகு திரும்பினான். அவன் கோபப்பட்டு அத்தை அதுவரை பார்த்ததில்லை.

“பையில வைக்கவா நான் போட்டேன்?”

“உனக்காகத்தான்டா…”

“எனக்காக யாரு செய்யச் சொன்னா? அவன் என் பேரை அடிக்கணும்கிறான். நீங்க என் பேரை ஒளிச்சு வைக்கணும்கிறீங்க. ரெண்டுலயும் நான் இல்லாமதானே போறேன்? பதினொரு வருஷமா இந்த ஊர்ல எதையாவது எண்ணும்போது என்னை விட்டுட்டுத்தான் எண்ணுனாங்க. ஆள் கணக்கு எடுத்தப்போகூட விட்டுட்டாங்க. இந்த ஒரு தடவை எண்ணட்டும்னு போட்டேன். போட்டது நான். எண்ண வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு, அத்தை?”

முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு தபாலையும் தொலைக்காதவள், ஒருவன் நம்பிக் கொடுத்ததைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது. “தப்புதான்,” என்றாள். “நான் செஞ்சது தப்புதான், ஒலிம்.” அவன் அவளுக்குத் தேநீர் வைத்தான்.

வீட்டுக்குப் போனதும் மேஜையைத் துடைத்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். நாற்பத்திரண்டு முறை. மூலையில் ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை எண் போட்டாள். பார்சல் தைக்கிற தடித்த ஊசியில் நூலைக் கோத்து, மொத்தத்தையும் துளைத்துத் தைத்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டாள். முடிச்சின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, “நாற்பத்திரண்டு தாள்கள் தைத்து எண்ணிடப்பட்டன” என்று எழுதி, பாதி அந்தத் துண்டிலும் பாதி தாளிலும் விழும்படி குறுக்கே கையெழுத்திட்டாள். எங்கள் நாட்டில் இப்படித் தைத்த கட்டைப் பிரிக்க எந்தக் கொம்பனும் யோசிப்பான். ஒரு தாளை உருவினால் ஒட்டியது கிழியும், கிழிந்தால் மொத்தமும் சந்தேகத்துக்கு வந்துவிடும். வேண்டுமானால் அந்த வரியின் மேல் கோடு போட்டு அடிக்கலாம். அடிக்கட்டும். அடித்தது ஊருக்கே தெரியும்படி அடிக்கட்டும்.

மறுநாள் காலை ரயிலில் மாகாணத் தலைநகருக்குப் போனாள். ஸசேகினின் தலைமை அலுவலகம் சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. நடைபாதை முழுக்கக் காகிதப் பெட்டிகள், கத்தும் தொலைபேசிகள், சிவந்த கண்களோடு ஆட்கள். கேஷா அவளைப் பார்த்ததும் பாய்ந்து வந்தான். கட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான், ஒட்டிய துண்டைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டான்.

“தைச்சுட்டீங்களா? இதை யாரு உங்களைத் தைக்கச் சொன்னா?”

“தபால்ல பொருளை இப்படித்தான் அனுப்புவோம். வழியில எவனும் கை வைக்காம இருக்கறதுக்கு.”

“அந்த ஆள் இதுக்குள்ளதான் இருக்கானா?”

“பதினாலாம் தாள், மூணாவது வரி. நல்லா உக்காந்திருக்கான்.”

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஸசேகின் நின்றுகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் பார்த்ததைவிட ஒரு சாண் குட்டை. ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது, கையில் பிளாஸ்டிக் டப்பாவில் ஆறிப்போன கோதுமைக் கஞ்சி. என்ன சத்தம் என்று கேட்டார். கேஷா காதோடு சொன்னான். ஸசேகின் டப்பாவை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கட்டை வாங்கி, பதினான்காம் தாளைப் புரட்டினார்.

“இந்த ஆளுக்கு நான் யாருன்னு தெரியுமா?”

“உங்க காகிதத்தை ரெண்டு தடவை படிச்சான். நாலாவது பத்தியை விரல் வெச்சுப் படிச்சான்.”

“படிச்சிட்டா போட்டான்? ஏன்?”

சீமா அத்தை தலையில் கட்டியிருந்த கம்பளிச் சால்வையைப் பிரித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “நானும் அதைத்தான் கேட்டேன். இன்னைக்கு விடியற்காலையில, ஸ்டேஷனுக்கு என் பையைத் தூக்கிட்டு வந்தப்போதான் சொன்னான். நீங்க கட்டாயம் நிக்கணுமாம். நீங்க நின்னாத்தானே உங்க பேருக்கு எதிரா அவன் ஓட்டுப் போட முடியும். உங்களை நிக்க விடாம யாராவது தடுத்துட்டா, பாவம்னு ஜனங்க உங்க பின்னாடி போயிடுவாங்களாம். வெளிச்சத்துல நிக்கட்டும், நானும் வெளிச்சத்துல நின்னு வேண்டாம்னு சொல்றேன்னான். குடிமகன்னா அதுதானாம்.”

கேஷா தரையைப் பார்த்தான். ஸசேகின் கட்டை மூடி, எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துக்கொண்டார்.

“எத்தனை குறையுது?” என்று கேஷாவிடம் கேட்டார்.

“சந்தேகத்துக்கு இடமில்லாத கையெழுத்துன்னா… நிறையவே குறையுது.”

“அப்ப இதை வெச்சுக்க. அடிக்காத. ஒரு கோடுகூடப் போடாத.” அத்தையின் பக்கம் திரும்பினார். தொலைக்காட்சிக் குரல் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. “உங்களை மாதிரி ஆளுங்கதான் அம்மா இந்த நாட்டோட முதுகெலும்பு. நீங்களாவது எனக்குத்தானே போடுவீங்க?”

மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தால் அத்தை அழுதே இருப்பாள். இப்போது அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பயம் இல்லை, கோபம்கூட இல்லை.

“முதல்ல ரசீது குடுங்க,” என்றாள். “இருநூத்திப் பத்துப் பேருன்னு எழுதுங்க. எண்ணால மட்டும் போதாது, எழுத்தாலயும் எழுதணும்.”

ஸசேகின் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அவருடைய பேனா எழுதவில்லை. அத்தை உள்சட்டைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அந்த மனுஷர் சுவரில் காகிதத்தை வைத்து, இருநூற்றுப் பத்துப் பேர் என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தை அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள்.

தேர்தல் அதிகாரிகள் செத்தவர்களையெல்லாம் கழித்த பிறகும் ஸசேகின் எப்படியோ தப்பித்துவிட்டார். மார்ச் மாதம் வாக்குச் சீட்டில் அவர் பெயர் நான்காவதாக அச்சாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி திறந்தபோது முதல் ஆளாக நின்றவன் ஒலிம்ஜோன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். மேஜையில் இருந்த பெண் பட்டியலில் அவன் பெயரைத் தேடி, சத்தோரவ், ஒலிம்ஜோன் என்று உரக்கப் படித்தாள்.

“இருக்கேன்,” என்றான் ஒலிம்ஜோன். வரிசையில் இரண்டாவதாக நின்றிருந்த சீமா அத்தை, பின்னால் இருந்த க்லாஃபிராவின் காதில் விழும்படி, “நல்லாக் கேட்டுக்க!” என்றாள்.